உங்கள் ஊரில் யாராவது விண்வெளி நிலையத்துக்குக் கை காட்டியிருக்கிறீர்களா?

குளக்கட்டு ரீச்சர் (இழையைத் தொடங்கியவர்):

எல்லாருக்கும் வணக்கம். முத்தையன்கட்டுப் பக்கம் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். போன கிழமை நடந்த ஒன்றை யாரிடமாவது சொல்லவேண்டும் போலவே இருக்கிறது, அதுதான் இங்கே எழுதுகிறேன்.

தரம் 9 பிள்ளைகளைச் செக்கலில் குளக்கட்டுக்குக் கூட்டிப் போனேன். சர்வதேச விண்வெளி நிலையம் எங்களுக்கு மேலால் போகும் நேரத்தை முதலே பார்த்து வைத்திருந்தேன். இருபத்துமூன்று பிள்ளைகள், கொஞ்சப் பெற்றோர், ஒரு பிள்ளையின் அம்மம்மா. அவவைத் தனியே வீட்டில் விட ஆளில்லை என்று கூட்டி வந்திருந்தார்கள். நல்ல சோளகக் காற்று. கட்டில் பாய் விரித்து இருந்தோம்.

ஏழு மணி தாண்டிக் கொஞ்சத்தில் தென்மேற்கே காட்டுக்கு மேலால் ஒரு வெளிச்சம் ஏறியது. மினுங்கவில்லை, சத்தமில்லை. விடிவெள்ளியை யாரோ கையில் எடுத்துக்கொண்டு நடப்பது போல இருந்தது. பிள்ளைகள் கத்தத் தொடங்கிவிட்டார்கள். நான் படிப்பிக்க நினைத்ததை எல்லாம் கத்திக் கத்தியே சொன்னேன். அதற்கென்று தனி விளக்கு இல்லை, எங்களுக்கு மறைந்துவிட்ட சூரியன் அந்த உயரத்தில் இன்னும் அதன்மேல் படுகிறது. மணிக்கு ஏறத்தாழ 28,000 கிலோமீற்றர் வேகம். 90 நிமிடத்துக்கு ஒரு தடவை உலகத்தைச் சுற்றும். உயரம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரை போகும் ஏ9 வீதியை அப்படியே நிமிர்த்தி நிறுத்தி, மேலே இன்னும் ஒரு எண்பது கிலோமீற்றர் போட்டால் அவர்கள் இருக்கும் இடம் வரும்.

அப்போது அந்த அம்மம்மா கேட்டா:

"பிள்ளை, உதுக்குள்ள ஆக்கள் இருக்கினமோ?"

"ஓம் அம்மம்மா. இப்ப பதினொரு பேர் இருக்கினம்."

அவ ஒன்றும் பேசவில்லை. ஊன்றுதடியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, வலக்கையைத் தூக்கி ஆட்டினா. பஸ் ஏறிப் போகிற பிள்ளைக்குப் படலையில் நின்று காட்டுவோமே, அப்படி. அதைப் பார்த்து இருபத்துமூன்று பிள்ளைகளும் கை காட்டினார்கள். நானும்தான். நடு வானம் தாண்டி வடகிழக்கே போய், பூமியின் நிழலுக்குள் புகுந்து மெல்ல அணைந்துபோனது. "ஆர் சமைக்கிறது அவைக்கு?" என்று அம்மம்மா அதற்குப் பிறகு கேட்டா.

அன்றைக்கு அந்தப் பதினொரு பேரில் சுபான்சு சுக்லாவும் ஒருவர். 1984ல் ராகேஷ் சர்மா போன பிறகு பூமியைச் சுற்றும் பாதைக்குப் போன இரண்டாவது இந்தியர், அந்த நிலையத்துக்குள் கால் வைத்த முதல் இந்தியர்.

வன்னியில் இருக்கிற, இருந்த ஆட்களிடம் கேட்கிறேன். இப்படி மேலே பார்த்து நின்ற நாள் உங்களுக்கு உண்டா?

தண்ணீரூற்றுக்காரன்:

பிள்ளை, உங்கள் அம்மம்மாவின் கேள்வியை வாசித்ததும் எனக்கு என் அம்மாவின் குரல்தான் கேட்டது.

1969 யூலையில் எனக்கு 11 வயது. எங்கள் ஒழுங்கையில் ஒரே ஒரு றேடியோ, அது விதானையார் வீட்டு விறாந்தையில். இலங்கைக்குத் தொலைக்காட்சி வந்ததே 1979ல்தான், ஆகவே நாங்கள் நிலவில் மனிதர் இறங்கியதைக் காதால்தான் பார்த்தோம். பெரிய ஆட்கள் வாங்கில், நாங்கள் நிலத்தில். எங்கள் நேரப்படி 21ஆம் திகதி காலை 8:26க்கு ஆம்ஸ்ட்ரோங் கால் வைத்தார் என்பதைப் பிற்காலத்தில் நானே கணக்குப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு யாரும் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. விதானையார் சால்வையை எடுத்து முகத்தைத் துடைத்தது மட்டும் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அடுப்படியில் நின்றவ கேட்ட முதல் கேள்வி: "மூண்டு பேர் போனவை எண்டெல்லோ சொன்னனீ? இறங்கினது ரெண்டு பேர். மற்றப் பிள்ளை எங்க?"

அப்பா சொன்னார், அவர் கப்பலை வைத்துக்கொண்டு மேலே சுற்றிக்கொண்டு நிற்கிறார் என்று.

"தனியவோ?"

மைக்கேல் கொலின்சின் பெயர் அம்மாவின் வாயில் கடைசிவரை நுழையவில்லை, ஆனால் அந்த மனிதருக்காக அன்று முழுக்கக் கவலைப்பட்டா. அவ கவலைப்பட்டதிலும் காரணம் இருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் நிலவின் பின்பக்கம் போகும்போது முக்கால் மணித்தியாலத்துக்கு மேல் அவருக்கு ஒருவரோடும் பேச்சுத் தொடர்பு இருக்கவில்லை.

அன்று பின்னேரம் முற்றத்தில் இருந்தோம். அரைநிலவுக்குச் சற்றுக் குறைவான நிலவு, உச்சிக்குக் கொஞ்சம் மேற்கே. இதை இளம் பிள்ளைகள் யோசித்துப் பார்க்கவேண்டும். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரம் ஆம்ஸ்ட்ரோங்கும் ஓல்ட்ரினும் இன்னும் அங்கேதான் இருந்தார்கள். எங்கள் நேரம் இரவு 11:24க்குத்தான் அங்கிருந்து கிளம்பினார்கள். ஔவைப்பாட்டி நெல்லுக் குத்துகிறா என்று அம்மா எனக்குக் காட்டிச் சோறு தீத்திய அதே நிலவில் இரண்டு பேர். அம்மா சோறு போடும்போதும் பார்த்தா, பாய் விரிக்கும்போதும் பார்த்தா. அடுத்த நாள் விடிய என்னை எழுப்பி, "ஓடிப்போய்க் கேட்டு வா, மற்றவன் இவை ரெண்டு பேரையும் ஏத்திப்போட்டானோ" என்று அனுப்பினா.

1961 டிசெம்பரில், விண்வெளிக்கு முதன்முதல் போன மனிதர் ககாரின் கொழும்புக்கு வந்தார். அந்தப் பத்திரிகைப் படத்தை அப்பா மண்சுவரில் ஒட்டியிருந்தார். மழைக்கு ஊறி முகம் போய், தொப்பி மட்டும் பல வருடம் இருந்தது.

மல்லாவி1997:

ஐயா, அந்தப் "தனியவோ" என்னை அழவைத்துவிட்டது.

நான் என் கதையைச் சொல்கிறேன். 1997 நவம்பர். நாங்கள் கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து மல்லாவியில் ஒரு கிடுகுக் கொட்டிலில். கரண்ட் இல்லை, பற்றரிக்குத் தடை, மண்ணெண்ணெய் தங்கம். ஜாம் போத்தலில் திரி போட்டுப் படித்த காலம். செய்தி கேட்க என்றால் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, டைனமோவை ரயரில் முட்டவிட்டு, றேடியோவின் வயரை அதில் கொளுவி, ஒராள் பெடலைக் கையால் சுற்றவேண்டும். வேகமாகச் சுற்றினால் குரல் கீச்சிடும், கை ஓய்ந்தால் குரல் கிணற்றுக்குள் போய்விடும்.

அண்ணா சுற்றிக்கொண்டிருந்தார். ஒரு பெண்ணின் பெயர் கேட்டது. கல்பனா. எங்கள் வகுப்பிலும் ஒரு கல்பனா இருந்தாள், அதனால்தான் காது போனது. விண்வெளிக்கு என்று சொன்னார்கள், பிறகு குரல் இறங்கிக்கொண்டே போனது. அண்ணாவுக்குக் கை நொந்துவிட்டது. "சுத்து அண்ணா, சுத்து!" என்று கத்தினேன். அவர் மற்றக் கைக்கு மாற்றிச் சுற்றினார். ஹரியானாவில் கர்னால் என்ற ஊரில் பிறந்த கல்பனா சாவ்லா கொலம்பியா விண்ணோடத்தில் போயிருக்கிறா என்பது மிச்சச் செய்தி.

அந்த நாட்களில் வானம் எங்களுக்கு என்னவாக இருந்தது என்று இங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சத்தம் கேட்டால் பங்கர். அம்மா எங்களை வெளியே விளையாட விடும்போதே "ஒரு கண் மேலே இருக்கவேணும்" என்றுதான் விடுவா. அன்று இரவுதான் முதல் தடவையாக, பயம் இல்லாமல், ஒரு ஆளைத் தேடி மேலே பார்த்தேன். எங்கேயோ ஒரு அக்கா இருக்கிறா என்று.

2003 பெப்ரவரி 1 சமாதான காலம். ஏ9 திறந்திருந்தது, புது உடுப்பு வாங்க வவுனியா போய்வந்த நாள். இரவு செய்தியில் கொலம்பியா தரையிறங்க 16 நிமிடம் இருக்கும்போது உடைந்துவிட்டது, ஏழு பேரும் இல்லை என்றார்கள். ஏவும்போது தாங்கியிலிருந்து கழன்ற ஒரு நுரைத்துண்டு இடது சிறகில் அடித்ததுதான் காரணம் என்று பிறகு வாசித்தேன். நிறையச் சாவு பார்த்திருந்தோம். என்றாலும் அண்ணா வந்து பக்கத்தில் பேசாமல் இருந்தார். அந்தச் சைக்கிள் அப்போதும் வீட்டில் இருந்தது.

இன்றைக்கு நான் ஒரு தாதி. இரவுக் கடமை முடிந்து விடியப்புறம் வெளியே வரும்போது இன்னும் மேலே பார்க்கிறேன்.

வயல்வெளி:

ஒட்டுசுட்டானிலிருந்து. எல்லாருடைய கதையையும் மதிக்கிறேன், ஆனால் மனதில் இருப்பதைச் சொல்லாமல் இருக்க ஏலாது.

சிறுபோகம் செய்திருக்கிறேன். மூன்று கிழமையாக இரவில் காவல், யானை வேலியைச் சரித்துக்கொண்டு வருகிறது. நெல்லுக்கு விலை என்ன என்று அறுக்கும்வரை தெரியாது. என் மகளின் பாடசாலையில் விஞ்ஞான ஆய்வுகூடம் என்று பெயர்ப்பலகை மட்டும்தான் இருக்கிறது. இந்த நிலையில் கோடி கோடியாக எரித்து மேலே போவதைப் பார்த்துச் சந்தோசப்பட எனக்கு மனம் வரவில்லை. ரீச்சர், பிள்ளைகளுக்கு ஆசையை மட்டும் காட்டிவிட்டு ஏணியைக் கொடுக்காமல் விட்டால் அது நல்லதா?

குளக்கட்டு ரீச்சர்:

அண்ணை, உங்கள் கேள்வி நியாயமானது. ஏணி என்னிடமும் இல்லை. ஆய்வுகூடம் எங்களுக்கும் இல்லை, அதனால்தான் குளக்கட்டுக்குப் போனோம். அங்கே எல்லாம் சும்மா கிடைத்தது. இதற்கு மேல் இப்போது பதில் தெரியவில்லை, யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

கரைவலை:

வயல்வெளி அண்ணைக்கு முல்லைத்தீவுக் கரையிலிருந்து ஒரு பதில்.

2004 மார்கழி 26. சுமாத்ராவில் நிலம் நடுங்கியதற்கும் எங்கள் கரையில் தண்ணீர் ஏறியதற்கும் இடையில் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் இருந்தது. இரண்டு மணித்தியாலம். நடந்தே தண்ணீரூற்றுக்குப் போயிருக்கலாம். சொல்ல ஒருவரும் இல்லை. எங்கள் வீட்டில் எத்தனை பேர் போனார்கள் என்பதை இங்கே எழுதவில்லை.

2012 ஏப்ரல் 11ல் அதே பக்கம் 8.6 அளவில் மறுபடி நடுங்கியது. அன்றைக்குக் கொஞ்ச நேரத்திலேயே அறிவித்தல் வந்தது, ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு போனார்கள், கரை முழுக்க எழும்பி உள்ளே ஓடினோம். அலை பெரிதாக வரவில்லை. வந்திருந்தாலும் நாங்கள் அங்கே இல்லை. ஆழ்கடலின் அடியில் ஒரு கருவி தண்ணீரின் பாரத்தை அளக்கிறது, மேலே மிதக்கும் மிதவை அதைச் செயற்கைக்கோளுக்கு அனுப்புகிறது, அது கரைக்குச் சொல்கிறது. மேலே ஒன்றும் இல்லாவிட்டால் அந்த மிதவை ஊமை. புயல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று இப்போது மூன்று நாளைக்கு முதல் தெரிந்து வள்ளத்தை ஏற்றி வைக்கிறோமே, அதுவும் அப்படித்தான்.

இன்னொரு விசயமும் எழுதவேண்டும். யுத்தம் முடிந்து சில வருடத்தில் ஒரு இரவு, வலை வளைத்துக்கொண்டு நிற்கிறோம். வடக்கே ஒரு வெளிச்சம் எழும்பி, நேரே எங்கள் பக்கம் வருவது போல வந்து, பிறகு கிழக்காலே ஒதுங்கிக் கடலுக்கு மேலால் போனது. நான்கு பேரும் வள்ளத்துக்குள் குப்புறப் படுத்துவிட்டோம். உடம்புக்கு அதுதானே பழக்கம். பிறகுதான் தெரியும், இந்தியா விட்ட ரொக்கெட் என்று. ஏன் அப்படி வளைந்தது என்று யாருக்காவது தெரியுமா?

அறிவியல் நகர்:

தெரியும் அண்ணை! நான் கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் பீடத்தில் படிக்கிறேன், இது எனக்குப் பிடித்த கேள்வி.

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவச் சுற்றுப்பாதைக்கு, அதாவது வட, தென் துருவங்களுக்கு மேலால் சுற்றும் பாதைக்கு, ஒரு ரொக்கெட்டை அனுப்ப வேண்டுமென்றால் நேரே தெற்கே விடுவதுதான் சிக்கனம். ஆனால் தெற்கே நாங்கள் இருக்கிறோம். எரிந்து முடிந்த பாகங்கள் கழன்று விழும்போது ஆட்கள் மேல் விழக்கூடாது. ஆகவே முதலில் தென்கிழக்கே கடலுக்கு மேலால் விட்டு, இலங்கையைத் தாண்டும் அளவுக்கு ஒதுங்கிய பிறகு தெற்கே திருப்புகிறார்கள். இந்த வளைவுக்கு எரிபொருள் வீணாகிறது, சுமக்கும் பாரம் குறைகிறது. சிறிய ரொக்கெட்டுக்கு அது தாங்காது என்றுதான் தூத்துக்குடி மாவட்டத்தில் குலசேகரப்பட்டினத்தில் புதிய ஏவுதளம் கட்டுகிறார்கள். அங்கிருந்து நேரே தெற்கே விடலாம்.

முதன்முதலில் இதை விரிவுரையில் கேட்டபோது நான் குறிப்பு எழுதுவதை நிற்பாட்டிவிட்டேன். காரணம் இருக்கிறது.

2008 ஒக்ரோபர் 22, சந்திரயான்-1 ஏவிய நாள். எனக்கு ஏழு வயது. தருமபுரத்தில் தரப்பாள் கொட்டிலில் இருந்தோம். மேலே வண்டு, அதாவது ஆளில்லாத வேவு விமானம், இரைந்துகொண்டே இருக்கும். அப்பா எங்கேயோ செய்தி கேட்டுவிட்டு வந்து, "இந்தியா நிலவுக்கு ஒண்டு அனுப்பியிருக்கு" என்றார். நான் கேட்டேனாம்: "அது எங்க விழும்?"

அப்பா என்னைத் தூக்கி மடியில் வைத்து, "இது விழாது அப்பன், இது நிலவைச் சுத்தும்" என்றாராம். எனக்கு அது நினைவில்லை, அம்மா சொல்லித்தான் தெரியும். அப்பா இப்போது இல்லை. அவர் சொன்னதில் ஒரு சின்னப் பிழை இருந்ததைப் பிறகு படித்தேன்: அந்த நவம்பர் 14ல் சந்திரயானிலிருந்து ஒரு சிறு கருவியை நிலவின் தென்துருவப் பக்கம் வேண்டுமென்றே விழுத்தினார்கள். விழும்போதும் அது அளந்துகொண்டே விழுந்தது. அப்பாவிடம் சொல்லியிருந்தால் சந்தோசப்பட்டிருப்பார்.

அதனால்தான் அந்த விரிவுரையில் அப்படி ஆனது. எங்கள் தலையில் எதுவும் விழுந்துவிடக்கூடாது என்று எரிபொருளைச் செலவழித்து வளைந்து போகிற ஒன்று எங்கள் வானத்தில் இருக்கிறது.

செட்டிகுளம் முகாமில் இருந்தபோது இன்னொன்றும் பார்த்தேன். 2010 ஜனவரி 15, பொங்கலுக்கு அடுத்த நாள், கங்கண சூரிய கிரகணம். மத்தியானம் கழிய வெயில் வெள்ளியாகிப் போனது. வெளியே வரவேண்டாம் என்று அம்மா தடுத்துவிட்டா. கொட்டிலுக்குள் இருந்தேன். தரப்பாள் பழசு, மேலே ஊசி ஊசியாக ஓட்டை. வழக்கமாக நிலத்தில் வட்ட வட்டமாக வெயில் விழும். அன்றைக்கு அந்த வட்டங்கள் எல்லாம் பிறையாகி, பிறகு ஒவ்வொன்றும் மோதிரமாகிவிட்டது. பாயில், சருவச்சட்டியில், தங்கச்சியின் முதுகில், எல்லா இடமும் மோதிரம். ஒவ்வொரு ஓட்டையும் சூரியனின் படத்தைக் கீழே எறிந்திருக்கிறது. ஊசித்துளைக் கமெரா என்ற பாடம் தரம் 8ல் வந்தபோது வகுப்பில் எனக்கு மட்டும் அது முதலே தெரிந்திருந்தது.

துலா:

நல்ல இழை. வவுனியாவிலிருந்து ஒரு மனத்தாங்கல்.

1977ல் அனுப்பிய வொயேஜர் விண்கலங்களில் ஒரு தங்கத் தட்டு இருக்கிறது, அதில் 55 மொழிகளில் வணக்கம் பதிந்திருக்கிறார்கள். சிங்களம் இருக்கிறது, தெலுங்கு இருக்கிறது, கன்னடம் இருக்கிறது. தமிழ் இல்லை. வொயேஜர்-1 இன்றைக்கு 2,400 கோடி கிலோமீற்றருக்கும் அப்பால் போய்விட்டது. இனி யாரும் போய்ச் சேர்க்க முடியாது. மனித குலத்தின் குரல் என்று சொல்லும்போது எனக்கு இது இடிக்கிறது.

அறிவியல் நகர்:

எனக்கும் அது வலித்தது அண்ணா. பெரும்பாலானவற்றை அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில், குறுகிய காலத்துக்குள், அங்கே கிடைத்த ஆட்களைக் கொண்டு பதிந்திருக்கிறார்கள். மலையாளமும் இல்லை. அந்த நேரம் அந்தக் கட்டடத்துக்குள் நடந்து போக ஒரு தமிழ்ப் பிள்ளை இருந்திருந்தால் போதும். காரணம் தெரிந்ததால் வலி போய்விடாது, ஆனால் வேண்டுமென்று ஒதுக்கியது போலத் தெரியவில்லை.

குளக்கட்டு ரீச்சர்:

துலா எழுதியதை அடுத்த நாள் வகுப்பில் சொன்னேன். "நீங்கள் என்றால் என்ன பதிந்திருப்பீர்கள்? ஒரு வரி" என்று எழுதச் சொன்னேன். அதிகம் பேர் "வணக்கம்", "நாங்கள் பூமியிலிருந்து பேசுகிறோம்". ஒரு பொடியன் எழுதியது: "சாப்பிட்டிட்டீங்களோ? இல்லாட்டி வாங்கோ."

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அந்தத் தட்டில் சீனாவின் அமோய் மொழியில் இருக்கும் வணக்கம் கிட்டத்தட்ட இதேதான். நலமா, சாப்பிட்டாயிற்றா, நேரம் இருந்தால் வாருங்கள் என்கிறது. அதைச் சொன்னதும் அந்தப் பொடியனின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

வயல்வெளி:

கரைவலைத் தம்பி சொன்னதை மறுக்க மாட்டேன். மழை பெய்யுமா என்று நானும் போனில்தான் பார்க்கிறேன். ஆனால் கவனியுங்கள், நீங்கள் சொன்ன எல்லாமே ஆள் இல்லாத செயற்கைக்கோள்கள். மிதவைக்கும் புயலுக்கும் ஆள் தேவையில்லை. சந்திரயான்-3 கூட ஆள் இல்லாமல்தான் இறங்கியது, 615 கோடி இந்திய ரூபாயோடு வேலை முடிந்தது என்று வாசித்தேன். அப்படியிருக்க மனிதரை ஏன் அனுப்பவேண்டும்? உயிருக்கும் ஆபத்து, செலவும் பல மடங்கு. கல்பனாவின் கதையைத் தங்கச்சியே எழுதியிருக்கிறா.

தண்ணீரூற்றுக்காரன்:

தம்பி கேட்டது நல்ல கேள்வி. சந்திரயான்-3 இறங்கிய பின்னேரம், 2023 ஓகஸ்ட் 23, பேரன் போனைப் பிடித்துக் காட்டினான். விழுப்புரத்துப் பிள்ளை வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக நின்று, தென்துருவப் பக்கம் முதன்முதல் இறக்கிக் காட்டினார். நான் கைதட்டினேன், நெஞ்சு நிறைந்தது. ஆனால் "தனியவோ" என்று கேட்க எனக்கு யாரும் அதற்குள் இருக்கவில்லை. அவ்வளவுதான் என்னால் சொல்ல முடிகிறது.

மல்லாவி1997:

நானும் முயன்று பார்க்கிறேன். ஆஸ்பத்திரியில் எத்தனை இயந்திரம் இருக்கிறது. நாடியைப் பார்க்கும், ஒட்சிசனைப் பார்க்கும், ஏதும் பிழைத்தால் எங்களைவிட முந்திச் சத்தம் போடும். இரவு இரண்டு மணிக்கு நோயாளி கேட்பது "மிஸ், நீங்கள் இருக்கிறியளோ?" என்றுதான்.

நிலையத்துக்கு 2000 நவம்பர் 2ஆம் திகதி ஆட்கள் போனார்கள். அன்றிலிருந்து இன்றுவரை ஒரு நாள்கூட அங்கே ஆள் இல்லாமல் இருந்ததில்லை. நாங்கள் சமாதானத்தில் இருந்தபோதும், சுனாமியிலும், 2009லும், முகாமிலும், மறுபடி வந்து காணி துப்புரவாக்கியபோதும், எங்கள் தலைக்கு மேலே யாரோ விழித்திருந்திருக்கிறார்கள். அவர்கள் எங்களைக் காப்பாற்றவில்லை, தெரியும். எங்களை அவர்களுக்குத் தெரியவும் தெரியாது. என்றாலும் இதை முதன்முதல் கணக்குப் பார்த்த இரவு நான் கடமை அறையில் தனியே இருந்து நெடுநேரம் யோசித்தேன். 2024ல் எட்டு நாள் என்று போன சுனிதா வில்லியம்சும் புட்ச் வில்மோரும் 286 நாள் இருந்து, 2025 மார்ச் 18ல்தான் இறங்கினார்கள். எங்கள் விடுதியில் துப்புரவு வேலை செய்கிற அக்கா ஒவ்வொரு கிழமையும் என்னிடம் கேட்பா, "அந்தப் பிள்ளை வந்திட்டாவோ?" என்று. அவ தன் மகனை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறவ.

குளக்கட்டு ரீச்சர்:

மிஸ் எழுதியதற்குப் பிறகு எனக்கு அதிகம் இல்லை. அண்ணை, ஒன்றை மட்டும் சொல்கிறேன். அன்றைக்கு நிலையத்துக்கு முதல் இரண்டு செயற்கைக்கோள் எங்களுக்கு மேலால் போனது. பிள்ளைகளுக்குக் காட்டினேன், பார்த்தார்கள். அம்மம்மாவும் பார்த்தா. ஒருவரும் கை தூக்கவில்லை.

ஏணியைப் பற்றிக் கேட்டீர்கள். அன்று வந்த இருபத்துமூன்றில் ஏழு பேர் இப்போது பின்னேரங்களில் என்னிடம் கணக்குக்கு நிற்கிறார்கள், நான் கூப்பிடாமலே. வேகம், தூரம், நேரம். நிலையம் அடுத்ததாக எப்போது வரும் என்று தாங்களே கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டுமாம். சரி வரவில்லை, வராது, பூமியும் கீழே சுழல்கிறதே. அதைச் சொன்னதும் இன்னும் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு படிதான் ஏறியிருக்கிறோம்.

வயல்வெளி:

விடியப்புறம் எப்போதாவது வருமா? எனக்குப் பின்னேரம் வர ஏலாது. ஆனால் காவல் கொட்டிலில் விடியும்வரை முழித்துத்தானே இருக்கிறேன்.

குளக்கட்டு ரீச்சர்:

வரும் அண்ணை. வருகிற கிழமை இரண்டு நாள் இருக்கிறது, ஐந்து மணிக்குச் சற்று முன். நேரத்தைத் தனிமடலில் அனுப்புகிறேன். வடமேற்கைப் பார்த்துக்கொண்டிருங்கள். மினுங்கினால் அது விமானம். மினுங்காமல் ஒரே சீராக வந்தால் அதுதான். சுக்லாவும் அவரோடு போன மூன்று பேரும் 2025 யூலை 15ஆம் திகதி பசிபிக் கடலில் இறங்கிவிட்டார்கள், ஆகவே இப்போது உள்ளே 7 பேர்.

வயல்வெளி:

பார்த்தேன்.

முதல் நாள் முகில். இரண்டாம் நாள் வானம் துடைத்துவிட்டது போல. யானை இரண்டு, காட்டு ஓரத்தில் நின்றது தெரியும், கொப்பு முறிக்கிற சத்தம் கேட்டது. ரோர்ச் லைற்றை அந்தப் பக்கம் பிடித்துக்கொண்டே வடமேற்கைப் பார்த்தேன். நீங்கள் சொன்ன மாதிரியே வந்தது. இவ்வளவு வெளிச்சமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. வரம்பில் ஏறி நின்று, ரோர்ச்சை மேலே திருப்பி இரண்டு தரம் அடித்தேன். அங்கே தெரியாது என்று எனக்குத் தெரியும். யானையும் உள்ளே வரவில்லை.

வீட்டுக்கு வந்து மகளை எழுப்பிச் சொன்னேன். தன்னை ஏன் கூட்டிப் போகவில்லை என்று இன்னும் என்னோடு கதைக்கவில்லை.

ரீச்சர், கிழக்கே ஒரு பெரிய வெள்ளி நின்றது. அதற்குக் கீழே, மரத்துக்குக் கொஞ்சம் மேலே, இன்னொன்று. இரண்டும் மினுங்கவில்லை. அவை என்ன?

குளக்கட்டு ரீச்சர்:

மேலே நின்றது விடிவெள்ளி, அதாவது வெள்ளிக் கோள். கீழே நின்றது வியாழன். ஒவ்வொரு நாளும் இரண்டும் கிட்டக் கிட்ட வரும், பார்த்துக்கொண்டு வாருங்கள். 2025 ஓகஸ்ட் 12 விடியப்புறம் ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் நிற்கும், சின்னி விரலை நீட்டிப் பிடித்தால் இரண்டையும் மறைக்கலாம். அன்றைக்கு மகளைக் கூட்டிப் போங்கள். ஐந்து மணிக்கு முன்னால் போனால் நல்லது.